நாகை இல்லங்களின் அடுப்படி ஏடுகள்

தஞ்சைத் தரணியின் கடைமடையில், காவிரியின் கிளைகள் கடலைத் தேடிச் செல்லும் கரையில் அமைந்த பழந்துறை நாகப்பட்டினம். இராஜராஜ சோழன் காலத்தில் சூடாமணி விகாரம் எழுந்த ஊர் அது. போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர் கைக்கும், 1781-இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறிய துறைமுகமும் அதுவே. இதன் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆனைமங்கலச் செப்பேடுகளைப் பார்ப்பர். டச்சுக் கம்பெனியின் ஆவணங்களைப் புரட்டுவர். அவை யாவும் வேண்டப்படுவனவே. ஆயினும் நாகையிலும் அதனை ஒட்டிய நாகூரிலும் நம் இல்லங்களின் மரப்பெட்டிகளுக்குள், பழம் பட்டுத் துணிகளுக்கும் அத்தர்ப் புட்டிகளுக்கும் அடியில், வரலாற்றாசிரியர் எவரும் புரட்டாத ஓர் ஆவணம் கிடக்கின்றது. நெய்க்கறை படிந்து, ஓரங்கள் உதிர்ந்து, மை மங்கிக் கிடக்கும் அதனை அடுப்படி ஏடு என்று சொல்லலாம்.

நெய்ச்சோற்றுக்கு அரிசி இவ்வளவு, தாளிச்சாவுக்குப் பருப்பு இவ்வளவு, வட்டலப்பத்துக்கு முட்டை இத்தனை, தம்ரூட்டுக்கு ரவையும் நெய்யும் சீனியும் இன்ன விகிதம், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்தில் இன்னின்ன சரக்கு என்று அதில் எழுதப்பட்டிருக்கும். இடையிடையே பிள்ளைகள் பிறந்த நாளும், கொடுத்த கடனும், வெள்ளைக்குப் போட்ட துணிக் கணக்கும் வரும். இத்தகைய ஏடுகள் நம் கண்முன்னே படிக்க இயலாதனவாகி வருகின்றன. அவற்றைக் காக்க வேண்டியதன் காரணத்தையும், காக்கும் வழியையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

எழுதிய கைகள்

இவ்வேடுகளுட் பழையன பெரும்பாலும் அரபுத் தமிழில் அமைந்தவை. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் புதிய எழுத்துகளை வகுத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெருமக்கள் மார்க்கச் சட்டங்களையும் பைத்துகளையும் இவ்வெழுத்திலே யாத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சு வந்தபின் இவ்வெழுத்திலான நூல்கள் ஊரெங்கும் பரவின. இத்துறையின் பரப்பை தைக்கா சுஐபு ஆலிம் அவர்கள் 1993-இல் வெளியிட்ட ஆங்கிலப் பெருநூல் விரித்துரைக்கின்றது.

ஆயின் அந்நூல்களை எழுதியோர் ஆலிம்கள். அடுப்படி ஏடுகளை எழுதியவர்கள் யாவர்? நம் பெண்மக்கள். அக்காலத்தில் பெண்பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அரிது. ஆனால் திருக்குர்ஆன் ஓதாத பெண்பிள்ளை இருக்கலாகாது என்பதில் நம் குடும்பங்கள் உறுதியாக இருந்தன. வீட்டுத் திண்ணைகளிலும் முடுக்குகளிலும் ஓதிக்கொடுத்த பெண்மணிகளிடம் அலிஃபும் பேயும் கற்ற சிறுமிக்கு, அதே எழுத்தைக் கொண்டு தன் தாய்மொழியை எழுதவும் கைவந்தது. பினாங்குக்கும் அச்சேவுக்கும் கப்பலேறிய கணவனுக்கு அவள் கடிதம் எழுதியது அவ்வெழுத்தில்தான். மாமியாரிடம் கற்ற பக்குவத்தைக் குறித்துக்கொண்டதும் அவ்வெழுத்தில்தான்.

நாகூர் தந்த தமிழ்ப் புலமைக்குக் குலாம் காதிறு நாவலர் (1833–1908) ஒருவரே போதிய சான்று. பெண்களிலும் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள், உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு 1938-இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டுப் புகழ்பெற்றார். எனினும் அச்சேறிய பெண் ஒருத்திக்கு ஈடாக, அச்சேறாத பெண்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பர்! அவர்கள் தம் கைப்பட எழுதி நமக்கு விட்டுச்சென்றவை மிகச் சில. அச்சிலவற்றுள் இந்த அடுப்படி ஏடும் ஒன்று. இதனை இழப்பது ஒரு பதார்த்தத்தின் சுவையை இழப்பதோடு முடிவதன்று. நம் பாட்டிமாரின் கையெழுத்தையே இழப்பதாகும்.

அடுப்பறிவும் அறிவே

சோறு ஆக்குவதும் ஒரு கல்வியா, அதற்கும் ஒரு வரலாறா என வினவுவோர் உளர். அவர்கள் பாக்தாதை நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் என்பார், அப்பாஸியக் கலீஃபாக்களின் சமையல்களைத் திரட்டி ‘கிதாபுத் தபீக்’ என்னும் பெருநூலைச் செய்தார். ஹிஜ்ரி 623-இல், அஃதாவது 1226-இல், முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதீ என்பாரும் அதே பெயரில் ஒரு நூல் எழுதினார். இன்பங்களை வகைப்படுத்தி, அவற்றுள் உணவின்பத்தையே தலையாயதாக அவர் கொண்டார். அவர் எழுதி 32 ஆண்டுகளில், 1258-இல், மங்கோலியர் பாக்தாதை அழித்தனர். நூலகங்கள் பாழாயின. ஆனால் அச்சமையல் நூல் பிழைத்தது. 1934-இல் தாவூத் சலபீ என்னும் அறிஞர் அதனை மோசுல் நகரில் பதிப்பித்தார். 1939-இல் ஆர்பெரி என்னும் ஆங்கிலப் பேரறிஞர் செய்த மொழிபெயர்ப்பு, நம் நாட்டு ஹைதராபாத்தில் வெளிவந்த ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ ஏட்டிலே இடம்பெற்றது. அழிந்துபட்ட ஒரு நகரின் மக்கள் என்ன உண்டனர், எப்படி வாழ்ந்தனர் என்பதை இன்று அந்நூல் கொண்டு அறிகின்றோம்.

மாளவ நாட்டு மாண்டுவின் சுல்தான் கியாத் ஷாவுக்காக, 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓவியங்களோடு எழுதப்பெற்ற ‘நிஃமத் நாமா’ இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் தஞ்சையிலேயே, 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னரின் அடுப்படிக் குறிப்புகள், ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்னும் பெயரில் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டுப் பதிப்பிக்கவும் பெற்றன.

அரசர் உண்டது ஏட்டில் நின்றது. அந்த ஏட்டைக் காக்க ஒரு மாளிகையும் நின்றது. கடலோடியும் வணிகரும் மீனவரும் ஆலிமும் உண்டதற்குப் பாட்டியின் பெட்டியைத் தவிர வேறு நூலகம் இல்லை. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் தம் இல்லத்துப் பக்குவங்களைச் ‘சமைத்துப் பார்’ என்று அச்சிட்டார். பல தலைமுறைப் பெண்களுக்கு அது கையேடாயிற்று. ஒரு வீட்டின் அறிவு எழுத்தில் நிலைபெற்றால் எத்தனை வீடுகளுக்கு அது பயன்படும் என்பதற்கு இஃதொரு சான்று.

மூவகை மங்கல்

ஏடு மங்குகின்றது என்றால் மை மங்குவதாக மட்டுமே நாம் எண்ணுகின்றோம். உண்மையில் இவ்வேடுகள் மூன்று வகையில் மங்குகின்றன.

முதலாவது, மையின் மங்கல். பழைய மை இருவகைப்படும். விளக்குக் கரியைப் பிசினோடு சேர்த்துச் செய்தது ஒன்று. அது வெளிச்சத்தால் எளிதில் மங்குவதில்லை, ஆனால் நீர் பட்டால் கரையும். கடுக்காயின் துவர்ப்போடு அன்னபேதியைச் சேர்த்துச் செய்தது மற்றொன்று. அது முதலில் கருமையாய் இருந்து, நாளடைவில் பழுப்பாகும். அதிலுள்ள புளிப்புத் தன்மை தாளையே அரித்துவிடும். பிற்காலத்து ஊற்றுப் பேனாவின் நீலமையோ வெளிச்சத்தில் வெளுக்கும், ஈரத்தில் பரவிவிடும். இவற்றோடு நாகையின் உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும், கரையானும் கூடுகின்றன. 1952-லும் 1977-லும் வீசிய புயல்களையும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையையும், 2018 நவம்பரில் வந்த கஜா புயலையும் கண்ட ஊர் இது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இம்மாவட்டத்தில் அப்பேரலை கொண்டுபோன நாளில் ஏடுகளை எண்ணியோர் யார்?

இரண்டாவது, எழுத்தின் மங்கல். மை தெளிவாக இருந்தும் படிப்பார் இல்லாமற் போவது இது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்று தமிழும் ஆங்கிலமும் கற்றனர். அது பெரும் பேறு, அதற்கு நாம் நன்றி செலுத்துகின்றோம். ஆனால் அரபுத் தமிழ் வீட்டைவிட்டு மெல்ல வெளியேறியது. இன்று குர்ஆனைச் சரளமாக ஓதும் பேத்தியிடம் அவள் பாட்டியின் ஏட்டைக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகத் தடுமாறுகின்றாள். அரபியில் பே, தே, ஸே, நூன், யே ஆகியவை சொல்லின் நடுவே வருங்கால் ஒரே பல்வடிவாய் நிற்கும். புள்ளியே அவற்றைப் பிரித்துக் காட்டும். அரபுத் தமிழிலோ புள்ளிகள் இன்னும் மிகுதி. மை மங்கும்போது சிறிய புள்ளிகளும் உயிர்க்குறிகளுமே முதலில் கண்ணுக்கு மறைகின்றன. அவை மறைந்தபின், அச்சொல்லை முன்னரே காதால் அறிந்தவர்தாம் அதனை ஊகித்துப் படிக்க இயலும். அவ்வாறு அறிந்தவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்த மூதாட்டிகளே.

மூன்றாவது, அளவின் மங்கல். எழுத்தும் தெரிந்து, சொல்லும் புரிந்தபின் இது குறுக்கே நிற்கும். 1957 ஏப்ரலில் புதுக்காசு வந்தது. 1958 அக்டோபர் தொடங்கி மெட்ரிக் எடைகள் படிப்படியாய்ப் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முற்பட்ட ஏடுகள் பலத்திலும் சேரிலும் வீசையிலும் பேசுகின்றன. ஒரு பலம் மூன்று ரூபாய் எடை. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 35 கிராம். எட்டுப் பலம் கொண்ட நம் பக்கத்துக் கச்சா சேர் ஏறத்தாழ 280 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை. அது 1,400 கிராம் அளவினது. ஆனால் வடநாட்டுப் பக்கா சேர் 80 ரூபாய் எடையுள்ளது. அதாவது 933 கிராம். ‘ஒரு சேர் இறைச்சி’ என்னும் குறிப்பை, சேர் என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோ என்று கேள்விப்பட்ட இளம்பெண் படித்தால், மும்மடங்குக்கு மேல் இறைச்சி போடுவாள். பின்பு பாட்டியின் பக்குவத்தையே குறைசொல்வாள். அரிசிக்கு எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அந்தப் படியின் கொள்ளளவும் ஊருக்கு ஊர் வேறு. இவை போதாவென்று ‘ஓரணாவுக்கு ஏலம்’, ‘காலணாவுக்குக் கொத்தமல்லி’ என விலையையே அளவாக எழுதிய இடங்களும் உண்டு. அன்றைய கடைவிலையை அறிந்தவர் மறைந்துவிட்டால் அந்த வரி ஊமையாகிவிடும்.

இம்மூன்றனுள் மை மங்குவதற்கு மருந்து உண்டு. எழுத்தையும் அளவையும் அறிந்த மூதாட்டியின் வாய் மூடிவிட்டால் அதற்கு மருந்து இல்லை.

மரியாதையால் நேரும் இழப்பு

கரையானும் கடலும் கொண்டுபோனவை ஒருபுறமிருக்க, நாமே நீரில் விட்டவை எத்தனை! இதனைச் சற்று விளக்கியாக வேண்டும்.

அடுப்படி ஏட்டின் தலைப்பில் பிஸ்மில்லாஹ் இருக்கும். அன்றி 786 என்றேனும் இருக்கும். உள்ளே முழுவதும் அரபு எழுத்து. மூதாட்டி மறைந்ததும் வீட்டைத் துப்புரவு செய்யும் பிள்ளைகள், படிக்கத் தெரியாத இவ்வேட்டைக் குப்பையில் எறிய அஞ்சுகின்றனர். அந்த அச்சம் போற்றத்தக்கது. ஆகவே கிழிந்த ஓதற் கிதாபுகளோடு சேர்த்து, துணியில் முடிந்து, கடலில் விடுகின்றனர். அல்லது கபரஸ்தானின் ஓரத்தில் புதைக்கின்றனர். பாட்டியின் கையெழுத்து, பேரனின் பக்தியினாலேயே மறைந்துபோகின்றது.

மார்க்கச் சட்டம் இதற்கு என்ன சொல்கின்றது? ஷாஃபியீ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபாரும் வாழும் பகுதி இது. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற ‘துர்ருல் முக்தார்’ இதனைப் பேசுகின்றது. பயன்கொள்ள இயலாத நூல்களிலிருந்து அல்லாஹ்வின் திருநாமத்தையும் மலக்குகள், ரசூல்மார்களின் பெயர்களையும் நீக்கிவிட்டு எஞ்சியதை எரிக்கலாம் என்றும், ஓடும் நீரில் இடுவதிலும் புதைப்பதிலும் குற்றமில்லை என்றும், புதைத்தலே சிறந்தது என்றும் அந்நூல் கூறும். ஆகவே நம் மக்களின் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆனால் அச்சட்டத்தின் முதற்சொல்லை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ‘பயன்கொள்ள இயலாத’ நூல்களுக்கே அவ்விதி. பயன் இருக்கின்றதா இல்லையா என்பதைப் படித்துப் பாராமல் யார் முடிவு செய்வது? எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பது ஏட்டின் பயனின்மை ஆகாது. தெரிந்தவரிடம் காட்டி, உள்ளதைப் படியெடுத்த பின்னர் எஞ்சும் கந்தலைக் கண்ணியமாகப் புதைப்பதே முறையென்பது நம் கருத்து.

இதே மரியாதை வேறோர் இடத்தில் எத்தகைய செல்வத்தைக் காத்தது என்பதைக் காண்போம். எகிப்தில் பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில் யூதரின் பென் எஸ்ரா ஆலயம் உள்ளது. இறைவன் பெயர் தாங்கிய தாளை அழித்தலாகாது என்று யூதரும் கருதியதால், பழந்தாள்களை அவ்வாலயத்தின் ஓர் அறைக்குள் நூற்றாண்டு நூற்றாண்டாகப் போட்டுவைத்தனர். நாளடைவில் வேதத் தாள்களோடு கடிதமும், கணக்கும், திருமண ஒப்பந்தமும், கடைச்சாமான் பட்டியலும் அங்கே சேர்ந்தன. அவற்றுட் பல, மொழியால் அரபு, எழுத்தால் ஹீப்ரு. நம் அரபுத் தமிழின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். 1896–97-இல் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் அவற்றுள் ஏறத்தாழ 1,90,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். அவற்றைக் கொண்டு கோய்டைன் என்னும் வரலாற்றறிஞர் 1967 முதல் பெருந்தொகுதிகளாய், மத்தியதரைக் கடற்கரை மக்களின் அன்றாட வாழ்வை எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நம் மலபார்க் கரைக்கு வந்த வணிகரின் கடிதங்களும் அவற்றினின்று வெளிப்பட்டன.

அவர்கள் வறண்ட அறையில் போட்டார்கள்; எகிப்தின் காற்று காத்தது. நாம் ஈர மண்ணிலும் கடலிலும் விடுகின்றோம். நம் மண்ணும் கடலும் வாங்கியதைத் திருப்பித் தருவதில்லை.

செய்ய வேண்டுவன

இவ்வேடுகளைக் காக்கப் பெரும் பொருளோ பெரும் நிறுவனமோ முதற்கண் வேண்டுவதில்லை. குடும்பத்தில் ஒருவர் மனம்வைத்தால் போதும்.

ஏட்டைப் பெட்டியினின்று எடுத்தால் வெயிலில் காயவைக்கலாகாது, நிழலே போதும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்துப் பிரிக்கலாகாது. கிழிசலுக்குப் பசைநாடா ஒட்டுவதும், மெழுகுத்தாள் போன்ற நெகிழியுறையில் சூட்டால் ஒட்டி அடைப்பதும் ஏட்டைக் கொல்லும் வழிகள். அந்தப் பசை பின்னாளில் மஞ்சளித்து எழுத்தையும் விழுங்கிவிடும்.

அடுத்து, சன்னலோரத்துப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்க வேண்டும். அட்டையும் வெற்றுப் பக்கமும் விடுபடலாகாது. கைப்பேசியே போதுமானது, அதன் பளிச்சொளி வேண்டா. மங்கிய பக்கத்துக்கு ஒளியைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்து விழச்செய்தால் பேனா அழுந்திய தடம் தெரியும். கடுக்காய் மையாயின், புற ஊதா விளக்கின் கீழ்த் தாள் ஒளிர, மறைந்த எழுத்து கருமையாய்த் தோன்றுவதுண்டு. சுவடிகளைக் காக்கும் நிலையங்கள் கையாளும் முறை இது.

மூன்றாவது செயலே உயிர்நிலையானது. வீட்டின் மூதாட்டியை அருகில் அமர்த்தி, ஏட்டை வாய்விட்டுப் படிக்கச் செய்க. அவர் குரலைப் பதிவு செய்க. ஒருவர் அருகிருந்து, வரிக்கு வரி தமிழெழுத்தில் எழுதுக. “உம்மம்மா, இந்தச் சொல் என்ன? இந்தப் படி எந்தப் படி? நம் வீட்டுப் பித்தளைப் படியா, கடைப் படியா?” என்று கேட்டுக் கேட்டு எழுதுக. ஏட்டிலுள்ள சொல்லைத் திருத்தலாகாது. இக்காலச் சொல்லை அதன் இடத்தில் போடலாகாது. பழைய அளவை அப்படியே எழுதி, அதன் பக்கத்தில் கிராமைக் குறிக்கலாம். படிக்க முடியாத இடத்தைப் புள்ளியிட்டு வெறுமையாக விடுக, ஊகத்தால் நிரப்பற்க.

கைப்பிடி, சிட்டிகை என்றுள்ள இடங்களில், அவரையே ஒருமுறை அடுப்படியில் நிற்கச் செய்து, அவர் கையில் எடுத்ததைச் சட்டியில் இடுமுன் தராசில் இட்டு நிறுத்துக் குறித்துக்கொள்க. ஏட்டில் எழுதப்படாத பக்குவங்களும் அப்போது வெளிவரும். வெங்காயம் எந்த நிறத்தில் சிவக்க வேண்டும், ரம்பை இலையை எப்போது இட வேண்டும், தம்முக்கு மூடிமேல் எவ்வளவு தணல் வேண்டும் என்பனவற்றை அவர் ஒருநாளும் எழுதியிருக்கமாட்டார்; எல்லாரும் அறிந்தது என்று விட்டிருப்பார்.

இறுதியாக, படியெடுத்ததை மூன்று வீடுகளில் மூன்று பிரதிகளாக வைக்க வேண்டும். ஒன்றேனும் கடலுக்குத் தொலைவான ஊரில் இருக்கட்டும். மூல ஏட்டை நல்ல தாளில் சுற்றி, ஈரம்படாத உயரத்தில் வைக்க. மனமிருப்போர், ஒரு படியைப் பழந்தமிழ் ஏடுகளைத் திரட்டிவரும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிலையங்களுக்கு அளிக்க முன்வரலாம்.

வரலாற்றுக்கு ஒரு வேண்டுகோள்

ம.மு. உவைஸ் அவர்களும் பீ.மு. அஜ்மல் கான் அவர்களும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாய் எழுதி, நம் காப்பியங்களையும் கிஸ்ஸாக்களையும் மசலாக்களையும் உலகறியச் செய்தனர். அவ்வரிசையில் இனி நம் பெண்மக்களின் கையேடுகளும் ஏற வேண்டும். அவற்றில் நாகையின் கடல்வழி வரலாறும் அடங்கியிருக்கின்றது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டகையின் பெயரால் நினைவிடங்கள் எழுப்பிய மக்களின் அடுப்புகள், கீழைக் கடல் நாடுகளோடு உறவு கொள்ளாமல் இருந்திருக்குமா? எந்தச் சரக்கு எந்த ஆண்டில் எந்த வீட்டுக்குள் நுழைந்தது என்பதை, தேதியிட்ட ஓர் ஏட்டைக் காட்டிலும் தெளிவாகச் சொல்வது வேறு எது?

யமாமா போரில் திருக்குர்ஆனை நெஞ்சில் தாங்கியோர் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி அபூபக்கர் (ரலி) அவர்கள், ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களைக் கொண்டு இறைமறையை ஏட்டில் தொகுப்பித்தார்கள். அப்புனிதப் பணியோடு வேறெதனையும் ஒப்பிடுவது தகாது. ஆயினும் அறிந்தோர் மறையுமுன் அறிவை எழுத்தில் கொணர்க என்னும் பாடத்தை நம் சமுதாயம் தன் தொடக்கத்திலேயே கற்றது. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் திருவசனமே குர்ஆனில் மிக நீண்டது (2:282) என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரும் ரமலானில் நோன்புக் கஞ்சி காயும் வேளையில், வீட்டின் பழைய பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஏடு கிடைத்தால் மாலைக்கு ஒரு பக்கமாய்ப் படிக்கக் கேளுங்கள். முப்பது நோன்பில் முப்பது பக்கம் தேறும். படித்துச் சொல்லும் அந்த மூதாட்டிமாருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் தெளிந்த பார்வையையும், கேட்டு எழுதும் பிள்ளைகளுக்குப் பொறுமையையும் அருள்வானாக. ஆமீன்.